எங்கள் வீட்டு நான்கெல்லை

வீட்டுப் பத்திரத்தைப் பொழுதுபோக்குக்காகப் படிக்கிறவர்கள் உலகத்தில் இருக்கமாட்டார்கள். கடன், பாகப்பிரிவினை, வழக்கு என்ற இம்மூன்றில் ஒன்று வந்து கதவைத் தட்டினால்தான் அது பீரோவின் அடித்தட்டிலிருந்து வெளியே வரும். எங்கள் வீட்டுப் பத்திரம் வெளியே வந்ததற்கு இம்மூன்றும் காரணமல்ல. காரணம் என் பிள்ளை.

"அப்பா, இந்த வீட்டை இனிமேல் ரிப்பேர் பண்ணுவது வீண் செலவு. இடித்துவிட்டு அடுக்கு வீடாகக் கட்டிக் கொள்ளலாம். கட்டித் தருகிறவர் ஒருவர் வந்து பேசினார். நமக்குப் பாதி, அவருக்குப் பாதி. பத்திரம் மட்டும் சுத்தமாக இருந்தால் போதும் என்கிறார்" என்றான்.

வக்கீல்களின் பாஷையில் சுத்தம் என்றால் வில்லங்கம் இல்லை என்று அர்த்தம். அதைப் பார்த்துவிடலாம் என்று அன்றிரவு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் தகப்பனார் 1968-ஆம் ஆண்டில் எழுதி வாங்கிய கிரயப் பத்திரம் அது. முத்திரைத் தாள் பழுத்து, மடிப்புகளில் இற்றுப் போயிருந்தது. ஆனால் பத்திரம் எழுதியவரின் கையெழுத்து மணி மணியாக அப்படியே இருந்தது. சொத்தின் நான்கெல்லையை அவர் இப்படிக் குறித்திருந்தார்: கிழக்கே இருபதடி ரஸ்தா, தெற்கே வேறொருவர் மனை, மேற்கே நஞ்சை, வடக்கே ஏரி வாய்க்கால்.

இந்த நான்கில் இன்று எது எது மிஞ்சியிருக்கிறது என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். கிழக்கே ரஸ்தா இருக்கிறது. இருபதடி மட்டும் இல்லை. தெற்கே இருந்த மனையில் நான்கு மாடி மாணவர் விடுதி நிற்கிறது. மேற்கே நஞ்சை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. வடக்கே வாய்க்கால்? அதைக் காணோம். ஒரு மனிதர் காணாமற்போனால் போலீஸில் எழுதி வைக்கலாம். ஒரு வாய்க்கால் காணாமற்போனால் எங்கே எழுதி வைப்பது? சரி, நாமே தேடிப் பார்ப்போம் என்று கிளம்பினேன். அந்தத் தேடல் என்னை ஆயிரம் வருஷத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் ஊர் பொத்தேரி. தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுக்குப் போகும் மின்சார ரெயிலில் கூடுவாஞ்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன். இன்று அந்த ஸ்டேஷனில் ரெயில் நின்றால் பாதி ரெயில் காலியாகிவிடும். முதுகில் பையும் காதில் கருவியுமாக இளைஞர்களும் யுவதிகளும் இறங்கி எதிரே இருக்கும் பல்கலைக்கழகத்துக்குள் போவார்கள். அவர்களில் எத்தனை பேர் ஊரின் பெயரை நிதானமாகச் சொல்லிப் பார்த்திருப்பார்களோ தெரியாது. சொல்லிப் பார்த்தால் அதற்குள்ளேயே ஓர் ஏரி இருப்பது காதில் விழும்.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு ஏரி ஜில்லா என்றே ஒரு பெயர் உண்டு. இங்கே காவிரியைப் போலப் பெருகி வரும் ஆறு கிடையாது. இருக்கிற பாலாறும் வருஷத்தில் பெரும்பாகம் மணலாறுதான். ஐப்பசி கார்த்திகையில் வானம் கொட்டுவதைப் பிடித்து வைத்துக்கொண்டால் தை வரையில் நெல் விளையும். பிடிக்கத் தவறினால் பட்டினி. ஆகவே நிலம் எங்கெங்கே சரிந்ததோ அங்கெல்லாம் நம்மவர்கள் பிறை வடிவத்தில் ஒரு கரை போட்டார்கள். தண்ணீரை வயலுக்கு விட ஒரு மதகு. மிஞ்சிய தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்தோட ஒரு கலங்கல். கலங்கலில் வழிந்தது அடுத்த ஊர் ஏரிக்குப் போய்ச் சேர ஒரு வாய்க்கால். இப்படி ஏரிக்கு ஏரி கை கோத்துக்கொண்டு நின்றன. ஓர் ஏரியின் வாய்க்காலை அடைத்தால் அடுத்த ஊர் வயல் காயும். அடைத்த ஊரோ மழைக் காலத்தில் மூழ்கும். இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஏரிக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

செங்கற்பட்டைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுக்களை அங்கே இன்றும் பார்க்கலாம். குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் நாம் எல்லாரும் படித்த சமாசாரம்தான். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, வாரியங்களுக்கு ஆள் எடுத்தார்கள். அவற்றில் ஒன்று ஏரி வாரியம். அதற்கு ஆறு பேர். பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்து மறந்துபோன பகுதி, யார் பெயரைக் குடத்தில் போடலாம் என்ற தகுதிப் பட்டியல். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனாக இருக்கக்கூடாது. அவனுக்கு உறவினனாகவும் இருக்கக்கூடாது. இவற்றோடு இன்னொன்று: சொந்த மனையிலே வீடு கட்டிக்கொண்டு குடியிருப்பவனாக இருக்க வேண்டும்.

சொந்த மனையில் வீடு இருந்தால்தான் ஏரியைப் பற்றிப் பேச வாய். அதை மாற்றிச் சொன்னால், சொந்த மனையில் வீடு இருக்கிறவனுக்கு ஏரியைப் பார்த்துக்கொள்ளும் கடமையும் உண்டு. வீடும் ஏரியும் ஒரே ஓலையில் இருந்தன. அந்த ஊர் பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். மற்றவர்களுடைய ஓலை அந்தக் குடத்தில் விழவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மண் வெட்டிக் கரை போட்டவர்களுக்குக் குடத்தருகே இடமில்லை.

இந்த மனை என்ற சொல்லையும் சற்றுக் கவனியுங்கள். இன்று நாம் "ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அந்த 2,400 சதுர அடிக்குச் சென்னைப் பக்கத்துப் பழைய பெயர் மனை. இருபத்துநாலு மனை சேர்ந்தால் ஒரு காணி. காணி என்பது அளவின் பெயர் மட்டுமல்ல; உரிமையின் பெயரும் அதுதான். காணியாட்சி உடையவர்கள் ஊரின் பங்காளிகள். கும்பினிக்காரர்கள் அதை மிராசு என்று எழுதினார்கள்.

கும்பினிக்கு இந்தச் சீமை வந்தது 1763-ல். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி இதை அவர்களுக்கு ஜாகீராகக் கொடுத்தார். கைக்கு வந்த சொத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காத வியாபாரி உண்டா? 1767-லிருந்து 1774 வரையில் பார்னார்டு என்பவர் ஊர் ஊராகப் போய் அளந்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்கள். வீடுகள் எத்தனை, மனைகள் எவ்வளவு, ஏரி எவ்வளவு, கோயில் எவ்வளவு, தோப்பு எவ்வளவு என்று எல்லாம் கணக்கில் ஏறின. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதி வைத்திருந்த விவரங்களை இன்று படிக்கும்போது ஒரு விஷயம் மனத்தைத் தொடுகிறது. களத்தில் நெல்லைக் குவித்தவுடன் சர்க்காருக்கும் குடியானவனுக்கும் பிரிப்பதற்கு முன்பே சில பங்குகளைத் தனியே அளந்து வைத்துவிடுவார்கள். கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வண்ணானுக்கு, வெட்டியானுக்கு என்று போகும் அந்தப் பட்டியலில் ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு. ஏரியும் ஓர் ஊர்க்காரன் மாதிரி கூடையோடு வந்து களத்தில் நின்றது!

1780-ல் ஹைதர் அலியின் படை வந்தது. அடுத்து வந்தது பஞ்சம். ஊர்கள் காலியாயின, கரைகள் உடைந்தன. 1794-ல் இந்த ஜாகீருக்குக் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் துரை செய்த வேலைகளில் முக்கியமானது ஏரிகளைப் பழுது பார்த்தது. மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையின் துரை இவர்தான். வருஷா வருஷம் அந்த ஏரிக் கரை உடைந்துகொண்டே இருந்ததாம். கோயில்காரர்கள் தாயார் சந்நிதி கட்டப் பணம் கேட்டபோது, "இந்த மழைக்குக் கரை உடையாமல் உங்கள் சாமி காப்பாற்றட்டும், கட்டித் தருகிறேன்" என்றாராம். ஒரு நாள் நடு இரவில் கொட்டுகிற மழையில் துரை ஏரியைப் பார்க்கப் போனார். கரைமேல் வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் காவல் நிற்பதைக் கண்டார். கரை உடையவில்லை, சந்நிதி எழுந்தது. அவர் பெயர் பொறித்த கல்வெட்டு கோயிலில் இருக்கிறது.

பாட்டி சொல்லி நான் கேட்ட முதல் கதைகளில் இது ஒன்று. பக்தியோடு கேட்டேன், இன்றும் பக்தி குறையவில்லை. ஆனால் வயதான பிறகு இன்னொரு நினைவும் கூடவே வருகிறது. மழை இரவில் ஏரிக் கரைமேல் இரண்டு பேர் நிற்பது இந்த ஜில்லாவில் எல்லா ஏரிகளிலும் நடந்த காரியம். அவர்கள் கையில் வில்லுக்குப் பதிலாக மண்வெட்டி இருக்கும். தலையில் கோணிச் சாக்கு இருக்கும். அவர்களை எந்தத் துரையும் கல்லில் பொறிக்கவில்லை.

அவர்களுடைய வீடுகள் எங்கே இருந்தன? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு கலெக்டர் முன்வர இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. நடுவில் திருக்குறளில் தோய்ந்த எல்லிஸ் துரை உட்பட எத்தனையோ பேர் மிராசு உரிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எல்லாம் காணி உடையவர்களின் உரிமையைப் பற்றியவை. ஏரிக்கென்று களத்தில் அளந்த பங்கு தேய்ந்து போய், 1858-ல் ஊரார் மராமத்து வேலைக்கு வரவேண்டும் என்று சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்துகிற நிலையும் வந்துவிட்டது. 1891-ல் செங்கற்பட்டில் கலெக்டர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர் என்பவர்தான் பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி அனுப்பினார். தலைமுறை தலைமுறையாக அவர்கள் குடியிருக்கும் குடிசை அவர்களுடையதுதான். ஆனால் குடிசைக்கு அடியில் இருக்கும் தரை அவர்களுடையது அல்ல. மிராசுதாரர் கோபித்துக்கொண்டால் எழுந்து போகவேண்டியதுதான். வீட்டு மனை சொந்தமாக இல்லாதவன் கூலியைப் பற்றி எப்படிப் பேசுவான்? கொஞ்சம் நிலமும் குடியிருக்கும் மனையும் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1892-ல் சர்க்கார் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்தது. கொடுத்ததும் உண்டு; கொடுத்த நிலம் பிறகு கை மாறிப் போனதும் நிறைய உண்டு. அப்படிப் போன நிலத்தை மீட்க இதே ஜில்லாவில் கிளர்ச்சி நடந்து, 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் இரண்டு உயிர்கள் போயின. மனை என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை கனம்!

சென்னைப் பட்டணம் தெற்கே வந்த கதை இதற்கு முற்றும் வேறு. அது ஸ்டேஷன் ஸ்டேஷனாக வந்தது. 1912-ல் சேம்பர்ஸ் என்பவர் ஆரம்பித்த தோல் கம்பெனி குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது. 1923 வாக்கில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரை அமைக்கத் தொடங்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே நின்றால் பஸ்ஸைப் பார்க்கலாம், ஜவுளியைப் பார்க்கலாம், ஏரியை மட்டும் பார்க்க முடியாது. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்துக் காற்றை நம்பி க்ஷயரோகிகளுக்கு ஒரு சானடோரியம் ஏற்படுத்தினார். 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்கு வந்தது. அதற்கப்பால் வெகு காலம் வயலும் ஏரியும் பனைமரமும்தான்.

அந்த அப்பாலுக்குத்தான் என் தகப்பனார் வந்தார். பீச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை. திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம். ஒரே குழாய்க்கு ஏழு குடித்தனங்கள். காலையில் ஒரு குடித்தனத்துக்கு நாலு குடம். ஐந்தாவது குடத்தை வைத்தால் வீட்டுக்காரம்மாள் மாடியிலிருந்து பார்ப்பாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் அப்பா மனை தேடினார் என்று அம்மா சொல்வாள். அவருக்கு வீட்டைவிடக் கிணற்றின்மேல்தான் ஆசை.

"பொத்தேரியா? அதற்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமா?" என்று ஆபீஸ் நண்பர்கள் கேலி செய்தார்கள். கூடுவாஞ்சேரியில் இறங்கி நடக்கவேண்டும். மழை நாளில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் 1968-ல் ஒரு மனை வாங்கிவிட்டார். 1971-ல் கடைக்கால் எடுத்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடன் வந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் உத்தியோகம்.

கலவை சுமக்க வந்த பெண்களில் ஒருத்தியின் புருஷன் ஊர் ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும், மூடுவதும், யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று தண்ணீர் பாய்ச்சுவதும் அவர் வேலை. கறுத்து மெலிந்த பெரியவர். ஒரு சாயங்காலம் மனைவியைக் கூட்டிப் போக வந்தவர், வேலியருகே நின்று கடைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மட்டம் இவ்வளவுதானுங்களா?"

"ஏன்பா, மேஸ்திரி இரண்டு படி போதும் என்கிறானே?"

"வடக்கால தண்ணி போற வழிங்க. ஏரி ரொம்பிக் கலங்கல் போனா இந்தப் பக்கம்தான் வரும். நாலு படிக்குத் தூக்கிக் கட்டிடுங்க."

"வாய்க்கால்தான் இருக்கிறதே, அது வழியாகப் போய்விடாதா?"

"வாய்க்காலு அதுபாட்டுக்குப் போவுங்க. மனுசன் சும்மா இருக்கணுமே?"

அப்பா அன்றிரவு தூங்கவில்லை. இரண்டு படி உயர்த்த வேண்டுமானால் எத்தனை வண்டி மண், எத்தனை செங்கல் என்று ரெயில் டிக்கெட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். மறு வாரம் அம்மாவின் வளையல் ஒரு ஜோடி அடகுக் கடைக்குப் போயிற்று. வீடு நாலு படி உயரத்தில் எழுந்தது. பிற்பாடு அந்தப் படிகளில் ஏறும் விருந்தாளிகள் எல்லாரும், "என்ன, கோயிலா கட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள்.

கிருகப் பிரவேசத்தன்று நீர்க்கட்டிப் பெரியவரையும் அப்பா அழைத்திருந்தார். அவர் வந்தார். நாலு படியில் ஏறவில்லை. அம்மா கொல்லைப்புறத்தில் வேப்பமரத்தடியில் அவருக்கு இலை போட்டாள். அவர் சாப்பிட்டுவிட்டு, கிணற்றை எட்டிப் பார்த்து, "நல்ல ஊத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். இலையைப் போட்டவளுக்கும் அதில் ஒன்றும் தவறாகப் படவில்லை. தண்ணீர் கொண்டுபோய் வைத்த எனக்கும் படவில்லை. இதை இன்று எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. ஆனால் வீட்டின் சரித்திரத்தை எழுதுகிறவன் கூடத்தைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுக் கொல்லைப்புறத்தை விட்டுவிடக் கூடாது.

நாங்கள் கடைக்கால் எடுத்த அதே 1971-ல்தான் தமிழ்நாட்டில் குடியிருப்புச் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டிருந்த விவசாயத் தொழிலாளிகளுக்கும் கைத்தொழிலாளிகளுக்கும் அந்தக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கிய சட்டம் அது. சட்டம் வந்தது அந்த வருஷம்; காகிதம் பெரியவர் கைக்கு வந்தது இன்னும் சில வருஷங்கள் கழித்து. அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஐயா, என் எல்லையைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

அப்பா படித்தார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொரு தரம் படிங்க" என்றார். அப்பா இன்னொரு தரம் படித்தார். இந்த ஊருக்கு நாங்கள் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய முப்பாட்டனுக்கு முப்பாட்டன் அந்தக் கரையில் நின்றிருப்பான். ஆனாலும் சொந்த மனையில் வீடு உடையவர்களாக நாங்கள் அவருக்கு மூத்தவர்கள்! அன்றைக்கு அப்பா அவரை மேலே வந்து உட்காரச் சொன்னார். அவர் இரண்டாவது படியில் உட்கார்ந்தார்.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், நடந்ததும் வேகமாகத்தான். 1980-ல் பக்கத்தில் மறைமலை நகர் என்ற புது நகரம் தொடங்கியது. கர்ணம் உத்தியோகம் அதே வருஷம் ஒழிந்தது. எந்தச் சர்வே நம்பரில் எந்த வாய்க்கால் ஓடுகிறது என்பதை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். 1985-ல் காட்டாங்கொளத்தூரில் என்ஜினியரிங் கல்லூரி வந்தது. அது வளர்ந்து பல்கலைக்கழகம் ஆயிற்று. அதே வருஷம் வண்டலூரில் மிருகக்காட்சிசாலை திறந்தது. ஒவ்வொன்றாக வயல்கள் மனைகளாயின. வயல் இல்லாவிட்டால் மதகு எதற்கு? மதகு இல்லாவிட்டால் நீர்க்கட்டி எதற்கு? பெரியவர் காலமானபோது அவர் வேலைக்கு அடுத்த ஆள் வரவில்லை. நூறு ஏக்கருக்கு மேல் பாயும் ஏரி பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைந்தது பஞ்சாயத்து யூனியனுக்கு என்று அப்போது ஏற்பாடு இருந்தது. ஆகவே ஏரிகளுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. மழை இரவில் சாக்கைப் போட்டுக்கொண்டு கரையில் போய் நிற்பவர்கள்தாம் இல்லை.

எங்கள் வடக்கெல்லை வாய்க்காலில் முதலில் ஒருவர் குப்பை கொட்டினார். பிறகு ஒருவர் கட்டட இடிசலைக் கொட்டினார். அப்புறம் ஒருவர் மதில் எடுத்தார். நான் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கொசுத் தொல்லை ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டேன், இதுதான் உண்மை.

2015 டிசம்பர் முதல் தேதி மழை பெய்தது. பெய்தது என்று சொன்னால் போதாது. மறு நாள் காலை வரையிலான இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். இரவு ஒன்பது மணிக்கு வடக்குப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. மதில் விழுந்தது. விழுந்த இடத்தின் வழியாக, முப்பது வருஷம் ஊரை விட்டுப் போயிருந்தவன் விலாசம் தவறாமல் திரும்பி வருகிற மாதிரி, வாய்க்கால் வந்தது. வாசலில் முதல் படி மறைந்தது. அடுத்த விடுதியின் கீழ்த்தளத்து மாணவர்கள் இருபது பேர் புத்தகங்களைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வடக்கத்திப் பையன்கள், மலையாளப் பையன்கள், நம் பையன்கள். என் மனைவி ஒரு அண்டா நிறையக் கஞ்சி வைத்தாள். யார் எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்வியே எழவில்லை. பத்து மணிக்கு இரண்டாவது படி மறைந்தது. நடு இரவில் மூன்றாவது படி. அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு நாலாவது படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் அதன் விளிம்பை வந்து வந்து தொட்டது, மேலே ஏறவில்லை. காலையில் இறங்கத் தொடங்கியது.

அந்தத் தெருவில் அன்றைக்குத் தண்ணீர் புகாத வீடு எங்களுடையது ஒன்றுதான். அதைக் காப்பாற்றியவர் யார் என்பது எனக்குத் தெரியும். அவர் கரையில் நின்ற இரவுகளுக்குச் சாட்சி சொல்ல எந்தக் கலெக்டரும் இல்லை. எங்கள் வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. இரண்டு படி மட்டும் இருக்கிறது.

தேடிப் போன வாய்க்கால் கிடைத்துவிட்டது. அது எங்கும் போய்விடவில்லை. அந்த இடத்திலேயேதான் இருந்தது. ஓலைக் குடத்துக் காலத்தில் வீட்டு மனையோடு ஏரிக் கடமையும் சேர்ந்து வந்தது. மனை சிலருக்கே கிடைத்தது என்பது அந்தக் காலத்தின் குறை. எங்கள் காலத்தில் மனை பலருக்கும் கிடைத்தது. அது எங்கள் காலத்தின் பெருமை. ஆனால் பத்திரம் பதிந்து முடிந்ததும் வடக்கெல்லையோடு நம் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணிவிட்டோம்.

பிள்ளையிடம், அடுக்கு வீடு கட்டச் சம்மதம் என்று சொன்னேன். பழைய சுவர்களின்மேல் எனக்கு அப்படி ஒன்றும் மோகம் இல்லை. அவனுக்கும் அவன் குழந்தைகளுக்கும் வீடு வேண்டும். போன வாரம் ஒப்பந்தத்தின் நகலை எழுதிக்கொண்டு பத்திர எழுத்தர் வந்தார். கணினியில் அச்சடித்த அழகான காகிதம். நான்கெல்லையைப் பார்த்தேன். வடக்கே காலியிடம் என்று போட்டிருந்தது. பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, ஏரி வாய்க்கால் என்று எழுதினேன். வடக்கே ஆறு அடி திறந்து விடவேண்டும், மதில் எழுப்பக்கூடாது என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தேன்.

எழுத்தர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "வாய்க்கால் எங்கே சார் இருக்கிறது?" என்றார்.

"கார்த்திகை மாதம் வாருங்கள், காட்டுகிறேன்" என்றேன்.

கட்டுகிறவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆறு அடி என்றால் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறை குறையும் என்று கணக்குச் சொல்கிறார். என் பிள்ளை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். நேற்றுச் சாயங்காலம் வாசலுக்கு வந்து, படிகளைப் பார்த்துக்கொண்டு நெடு நேரம் நின்றான். பிறகு உள்ளே வந்து, "புது வீட்டுக்கு எத்தனை படி வைக்கலாம், அப்பா?" என்று கேட்டான்.